லேக் மார்க்கெட்டிலிருந்து குருதோங்மார் வரை: இருவர் போகும் ஏரிப் பயணம்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஏரி என்றால் ரவீந்திர சரோவர்தான். 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தோண்டிய தகுரியா ஏரி அது. 1958-ல் தாகூரின் பெயரை வைத்தார்கள். பழைய ஆட்கள் இன்னும் ‘லேக்’ என்றுதான் சொல்வார்கள். நடுவே மரம் அடர்ந்த சில தீவுகள். ஒன்றில் ஏரி வெட்டுவதற்கு முன்பே இருந்த மசூதி, அதற்குப் போக 1926-ல் கட்டிய தொங்கு பாலம். காலையில் அதைச் சுற்றி நடப்பவர்களிடம் ‘லீவுக்கு எங்கே?’ என்று கேளுங்கள். கோடையில் பாதிப் பேர் பதில் சிக்கிம் என்றுதான் இருக்கும். பத்து மீட்டர் உயரம்கூட இல்லாத ஏரிக்கரையிலிருந்து ஐயாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் இன்னொரு ஏரிக்கரைக்கு. ரயிலும் ஜீப்புமாக நாலே நாளில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். சிக்கலே அந்த நாலு நாள்தான்.

குருதோங்மார் ஏரிக்கு நாங்கள் இருவரும் மூன்று முறை கிளம்பினோம். ஏரியைப் பார்த்தது ஒரே ஒரு முறை. முதல் இரண்டு முறை ஏன் பார்க்கவில்லை என்பதிலிருந்துதான் இந்த அத்தியாயம் பிறந்தது. தம்பதியாகப் போகிறவர்களுக்கு ஒரே விதியைத்தான் சொல்வேன். இரண்டு பேரில் யாருக்கு முதலில் தலை வலிக்கிறதோ அவர்தான் அன்றைக்குப் பயணத்தின் தலைவர். அவர் திரும்பலாம் என்றால் வண்டி திரும்ப வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு, இவ்வளவு பணம் கட்டி வந்த பிறகு, வழியில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள்.

எப்போது, எதில்

மார்ச் கடைசியிலிருந்து மே வரை ஒரு பருவம். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை இன்னொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை சரியும். ஜனவரி, பிப்ரவரியில் பனி வழியை அடைத்துவிடும். துர்க்கா பூஜை விடுமுறையில் மட்டும் போகாதீர்கள். வங்காளிகளுக்குப் பயணம் என்றால் ‘தி-பு-தா’: திகா, பூரி, தார்ஜிலிங். அந்தக் கடைசி ‘தா’வுக்குக் கிளம்பும் கூட்டத்தில் ஒரு பங்கு சிக்கிமுக்கும் வந்துசேரும். மங்கி கேப்பும் அஜீரண மாத்திரை டப்பாவுமாக வரும் அந்தக் கூட்டம் பழகுவதற்கு இனிமையானது. ஆனால் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை இரண்டு மடங்கு.

ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். இரவு பத்து மணி வாக்கில் சியால்தாவிலிருந்து புறப்படும் தார்ஜிலிங் மெயில்தான் எங்கள் தேர்வு. காலையில் நியூ ஜல்பாய்குரியில் இறங்கினால் முழுப் பகலும் கையில் இருக்கும். 2022 டிசம்பர் 30 அன்று தொடங்கிய ஹவுரா வந்தே பாரத் வேகமானதுதான். அதிகாலையில் கிளம்பி மதியம் கொண்டுவிடும். ஆனால் அதன்பின் காங்டாக்குக்கு 120 கிலோமீட்டர் மலைப்பாதை. தீஸ்தா ஓரம் போகும் அந்த 10-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருட்டிய பிறகு போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வந்தே பாரத்தில் வந்தால் அன்றிரவு சிலிகுரியில் தங்கிவிடுங்கள். விமானம் என்றால் பாக்டோக்ரா. சிக்கிமுக்குள்ளேயே 2018-ல் பாக்யோங் விமான நிலையம் திறந்தார்கள், ஆனால் மேகம் இறங்கினால் விமானமும் இறங்காது.

காங்டாக் போனதும் முதல் வேலை அனுமதிச் சீட்டு. வடக்கு சிக்கிமுக்கும் சோங்மோ ஏரிக்கும் பதிவு பெற்ற பயண முகவர் மூலமாகத்தான் வாங்க முடியும். நீங்களாக வண்டி ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட், நாலைந்து புகைப்படம், எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று நகல். பான் அட்டையைக் காட்டினால் சிரிப்பார்கள். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் கவனிக்க வேண்டும்: குருதோங்மாருக்கு வெளிநாட்டவரை விடுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த தங்கையை அழைத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்திருந்தால் திட்டத்தை மாற்றுங்கள்.

பாதை திறந்திருக்கிறதா என்று காங்டாக்கில் கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். 2023 அக்டோபர் 3 இரவு, தெற்கு லோனாக் என்ற பனியாற்று ஏரி கரை உடைந்து தீஸ்தாவில் பாய்ந்தது. சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் மின்நிலைய அணை அடித்துக்கொண்டு போய்விட்டது. பாலங்கள் போயின, உயிர்கள் போயின. குருதோங்மாருக்கு முன் இரவு தங்கும் லாச்சனுக்கான பாதை அதற்குப் பின் பலமுறை திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறது. முகவர் ‘எல்லாம் திறந்திருக்கிறது’ என்று கொல்கத்தாவில் உட்கார்ந்து சொன்னால் நம்ப வேண்டாம். காங்டாக் டாக்ஸி ஸ்டாண்டில் முந்தின நாள் லாச்சனிலிருந்து இறங்கிவந்த ஓட்டுநரைக் கேளுங்கள். ‘தாஜு’ என்று கூப்பிட்டால் முகம் மலரும். நேபாளியில் அண்ணன். நம்மவர்கள் பழக்கத்தில் ‘தாதா’ என்பார்கள், அதுவும் ஓடும்.

முதல் ஏரி: சோங்மோ

காங்டாக் 1,650 மீட்டர். அங்கே இரண்டு இரவு கட்டாயம். நடுவில் வரும் பகலை சோங்மோ ஏரிக்குக் கொடுங்கள். காங்டாக்கிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் உயரம் 12,313 அடி, அதாவது 3,753 மீட்டர். இரண்டு மணி நேரத்தில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். உடம்புக்கு அது ஒரு வெள்ளோட்டம்.

சோங்மோ என்றால் பூட்டியா மொழியில் ஏரியின் தலை, நீரின் பிறப்பிடம். ஒரு கிலோமீட்டர் நீளம், முட்டை வடிவம். குளிர்காலத்தில் முழுக்க உறையும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வரும் நாளை லாமாக்கள் கணித்துச் சொன்னதாக ஒரு பழங்கதை. நாங்கள் போனபோது நிறம் எதுவும் தெரியவில்லை. முழுவதும் மேகம். ஒரு யாக் மட்டும் கொம்பில் சிவப்பு உல்லன் உறை மாட்டிக்கொண்டு எங்களையே பார்த்தது.

வழியில் ஜாக்கெட்டும் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்குத் தருவார்கள். பனி இருக்கும் மாதத்தில் பூட்ஸை மறுக்காதீர்கள். சோங்மோவோடு நாது லாவையும் சேர்த்து விற்பார்கள். 4,310 மீட்டர். 2006 ஜூலையில் மறுபடி வணிகத்துக்குத் திறந்த அந்தக் கணவாய் வாரத்தில் சில நாள்தான் பயணிகளுக்குத் திறக்கும், தனி அனுமதியும் வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் சோங்மோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மணி நேரம் மெதுவாக நடந்து, ஒரு கிண்ணம் துக்பா குடித்து, இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

தீவுகளைப் பற்றி ஒரு குறுக்குப் பேச்சு. ரவீந்திர சரோவரைப் பார்த்துப் பழகிய கண் மலை ஏரியிலும் தீவைத் தேடும். சோங்மோவிலும் இல்லை, குருதோங்மாரிலும் இல்லை. ஏரி, தீவு, உயரம் மூன்றும் ஒன்றாக வேண்டுமானால் தென் அமெரிக்காவுக்குப் போகலாம். பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே 3,812 மீட்டரில் இருக்கும் டிட்டிகாக்கா, ஏறக்குறைய நம் சோங்மோ உயரம்தான். ஆனால் அது எட்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் பெரிய கடல். ஊரோஸ் மக்கள் தொதோரா என்ற கோரையை வெட்டி அடுக்கி மிதக்கும் தீவுகள் செய்து அதன்மேல் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அதே ஏரியின் தாக்கிலே தீவில் பின்னல் வேலை ஆண்களுடையது. பின்னிப் போட்டிருக்கும் குல்லாயின் நிறத்தைப் பார்த்தே கல்யாணம் ஆனவனா இல்லையா என்று சொல்லிவிடலாம். கணவனுக்கு இடுப்புப் பட்டை நெய்து கொடுப்பது மனைவி. மெட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஆளுக்கொரு அடையாளம். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்களின் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழகியது. லிமாவிலிருந்து விமானத்தில் நேராக வந்து இறங்கும் பயணிகளுக்கு அங்கேயும் முதல் நாள் தலைவலிதான். மிதக்கும் தீவுகள் இந்தியாவிலேயே வேண்டும், உயரம் வேண்டாம் என்றால் மணிப்பூரின் லோக்டாக் ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 768 மீட்டர். ஃபும்டி என்று சொல்லும் தாவரத் தெப்பங்கள் ஏரி முழுக்க மிதக்கும். கொல்கத்தாவிலிருந்து இம்பாலுக்கு நேரடி விமானம் உண்டு. ஊர் நிலைமையை விசாரித்துவிட்டுப் போக வேண்டும்.

உடம்பு என்ன செய்கிறது

இது கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு குறைவதில்லை. எங்கேயும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் குறைகிறது. சோங்மோவில் கொல்கத்தா மூச்சில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் கீழே. குருதோங்மாரில் ஏறத்தாழ பாதி. உடம்பு வேகமாக மூச்சு வாங்கி, ரத்தத்தைச் சரிசெய்து, நாளாக நாளாகப் பழகிக்கொள்ளும். அதற்கு நாள்கள் வேண்டும், மணிகள் போதாது.

பழகுமுன் வரும் மலை நோய்க்கும் உடல் வலுவுக்கும் சம்பந்தமில்லை. லேக்கைத் தினம் மூன்று சுற்று ஓடுகிறவருக்கும் வரும், சோபாவைவிட்டு எழாதவருக்கு வராமலும் போகும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். என் கணவர் இருபது வருஷமாக நடப்பவர். நான் லிஃப்ட் இல்லாவிட்டால் முனகுகிறவள். குருதோங்மார் வழியில் தாங்கு என்ற ஊரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது இவர்தான். வலுவானவர்கள் வேகமாக ஏறுவார்கள், சங்கடத்தை வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆபத்து அந்த இரண்டிலும்தான்.

சொல்லாத கணவரையோ மனைவியையோ பேசவைக்க ஒரு வழி இருக்கிறது. அதன் பெயரிலும் ஒரு ஏரி. கனடாவின் லேக் லூயிஸில் கூடிய மலை மருத்துவர்கள் 1990களின் தொடக்கத்தில் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள், 2018-ல் திருத்தினார்கள். கேள்விகள் நாலு. தலைவலி எப்படி? வயிறு எப்படி, குமட்டலா, பசியே இல்லையா? அசதி எப்படி? தலைசுற்றல் எப்படி? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் பூஜ்யம், லேசாக ஒன்று, நடுத்தரம் இரண்டு, தாங்கவில்லை என்றால் மூன்று. தலைவலியும் இருந்து கூட்டுத்தொகை மூன்றைத் தொட்டால் அது மலை நோய். உயரத்துக்கு வந்து ஆறு மணி நேரம் போனபின் கேட்க வேண்டும். லாச்சனில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒருவரை ஒருவர் கேட்டு, ஒரு தாளில் எழுதிவையுங்கள். எழுதிவைத்ததைக் காலையில் மாற்ற முடியாது, அதுதான் எழுதுவதன் பயன்.

மூன்று வந்தால் மறுநாள் மேலே ஏறக் கூடாது. அங்கேயே ஓய்வு, தண்ணீர், தலைவலி மாத்திரை. குறையாவிட்டால் இறங்க வேண்டும். இன்னும் இரண்டு அறிகுறிகள் வேறு ரகம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல், நுரை கலந்த சளி: நுரையீரலில் நீர் கோக்கிறது. தள்ளாட்டம், குழப்பம், சம்பந்தமில்லாமல் பேசுவது: மூளை வீங்குகிறது. சந்தேகம் வந்தால் தரையில் ஒரு நேர்க்கோட்டில் குதிகாலைப் பெருவிரலில் முட்ட வைத்து நடக்கச் சொல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் நேரம் பார்க்காமல் கீழே இறங்குங்கள். நடுராத்திரியானாலும், ஓட்டுநர் முணுமுணுத்தாலும். அருகே ராணுவ முகாம் இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள்.

அசெட்டாசோலமைடு என்ற மாத்திரையை ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கச் சொல்வார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி ஒதுங்க வேண்டிவரும், சோடா சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம். ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் டிக்கெட்டே எடுக்காதீர்கள். தேனிலவுக்குப் போகிற இளம் ஜோடிகளுக்குத் தனியாக ஒரு சொல்: சிக்கிமில் மது மலிவு. ஏரிப் பயணம் முடியும் வரை அதைத் தொடாதீர்கள், தூக்க மாத்திரையும் கூடாது. இரண்டும் தூக்கத்தில் மூச்சைக் குறைக்கும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடந்தால் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் விரல் சில்லிட்டிருந்தால் அது தப்பாகக் காட்டும். லாச்சனில் 90-ஐ ஒட்டி எண் வந்தால் அலற வேண்டாம், 95 வந்தால் ஆடவும் வேண்டாம். எண்ணைவிட ஆள் முக்கியம்.

இனி கற்பூரம். வங்காளப் பயணிகள் ஒவ்வொருவர் கைக்குட்டையிலும் ஒரு முடிச்சு இருக்கும். மூச்சு வாங்கினால் முகர்வார்கள். பக்கத்தில் இருக்கிறவருக்கும் அன்போடு நீட்டுவார்கள்: ‘தாதா, ஏக்டு கொர்ப்பூர் நின்.’ முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி ஒரு குளிர்ச்சி வரும், அவ்வளவுதான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு சொட்டுக்கூட ஏறாது. வாயில் போட்டால் நஞ்சு. வழிக்கடைகளில் ‘உயரத்துக்கு நல்லது’ என்று விற்கும் பாப்கார்ன் பசிக்கு நல்லது. சிறு ஆக்ஸிஜன் கேன் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதை நம்பி மேலே ஏறக் கூடாது. இறங்கும் வழியில் கொஞ்சம் ஆறுதலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வண்டிதான் முடிவு செய்கிறது

காங்டாக்கில் எல்லாரும் விற்பது ‘இரண்டு இரவு, மூன்று பகல்’ பொட்டலம். முதல் நாள் லாச்சனுக்கு ஏறி இரவு தங்கல், மறுநாள் விடியுமுன் குருதோங்மார், அன்று மாலையே லாச்சுங், மூன்றாம் நாள் யும்தாங் பள்ளத்தாக்கைப் பார்த்துக் காங்டாக். லாச்சன் 2,750 மீட்டர். அங்கே ஒரே இரவு படுத்து எழுந்து நாலைந்து மணி நேரத்துக்குள் ஐயாயிரம் மீட்டருக்கு மேல். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் பால பாடம். குருதோங்மாரில் யாரும் தூங்குவதில்லை, அரை மணி நின்றுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதனால்தான் பெரும்பாலானோர் தலைவலியோடு தப்பித்துவிடுகிறார்கள். எல்லாரும் அல்ல.

முதல் முறை நாங்கள் பகிர்வு ஜீப்பில் போனோம். பத்துப் பேர். தாங்கு வந்தபோது, அது 3,900 மீட்டர் வாக்கில், இவருக்குத் தலைவலியும் வாந்தியும். திரும்பலாம் என்றேன். ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பார்த்தார். மற்ற எட்டுப் பேரும் எங்களைப் பார்த்தார்கள். பாரக்பூரிலிருந்து வந்த ஒரு தாத்தா, ‘எனக்கு இனி ஒரு முறை வர வயது இல்லை அம்மா’ என்றார். அவரைக் குறை சொல்ல முடியுமா? நாங்கள் இருவரும் தாங்குவில் ஒரு வீட்டுத் திண்ணையில் இறங்கி உட்கார்ந்துகொண்டோம். வண்டி மேலே போய் வர ஐந்து மணி நேரம். அந்த வீட்டம்மா வெண்ணெய்த் தேநீர் கொடுத்துக்கொண்டே இருந்தார். இவருக்கு அன்று வேறு ஏதாவது ஆகியிருந்தால் கீழே இறங்க எங்களிடம் வண்டியே இல்லை. பொட்டலம் விற்ற முகவர் பின்பு ‘அப்படியெல்லாம் யாரும் இறங்குவதில்லையே’ என்றார்.

ஆகவே, காசு கொஞ்சம் கூடினாலும் தனி வண்டி. வேறொரு தம்பதியோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் கிளம்புமுன் நாலு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒருவர் சொன்னால் எல்லாரும் திரும்புகிறோம். முகவரிடம் லாச்சனில் இரண்டு இரவு கேளுங்கள். ‘அங்கே ஒரு நாள் முழுக்க என்ன செய்வீர்கள்?’ என்பார். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத்தான் போகிறோம் என்று சொல்லுங்கள். இரண்டாவது முறை தனி வண்டி எடுத்தோம், ஆனால் லாச்சனில் ஒரு இரவுதான். கியாகாங் ராணுவச் சோதனைச் சாவடி தாண்டியதும் எனக்கே கண் இருட்டியது. ‘திரும்பு’ என்றேன். திரும்பினோம். அவ்வளவு சுலபம்.

லாச்சன்

காங்டாக்கிலிருந்து ஆறு மணி நேரம், பாதை கெட்டிருந்தால் எட்டு. சுங்தாங்கில் லாச்சன் ஆறும் லாச்சுங் ஆறும் கூடித் தீஸ்தாவாகிறது. அங்கேயே பிரிந்து இடப்பக்கப் பள்ளத்தாக்கில் ஏற வேண்டும். லாச்சனில் ஊர் விவகாரங்களைப் பார்ப்பது ‘ஜும்சா’ என்ற பழைய ஊர்க்கூட்டம். தலைவருக்கு ‘பிபோன்’ என்று பெயர். 2012-லேயே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தடை செய்த ஊர் இது. சோதித்துப் பிடுங்கிவிடுவார்கள். ஒரு நல்ல ஸ்டீல் ஃபிளாஸ்க் ஆளுக்கொன்று கொண்டுபோங்கள். வெந்நீர் எல்லா வீட்டிலும் கேட்டால் கிடைக்கும்.

பணத்தைக் காங்டாக்கிலேயே ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே யுபிஐ வேலை செய்வது சிக்னலின் மனசைப் பொறுத்தது. கம்பளி உடுப்பு வாங்க காங்டாக் வரை காத்திருக்க வேண்டாம். குளிர்காலமானால் கொல்கத்தா வெலிங்டன் சதுக்கத்தில் பூட்டியாக்கள் கடை விரிப்பார்கள். ஒரு தடித்த கோட்டைவிட மெல்லிய மூன்று அடுக்கு நல்லது. கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்க்ரீனும் அலங்காரம் அல்ல, அந்த வெயிலுக்கு அவசியம்.

சாப்பாட்டைப் பற்றி நம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். லாச்சனில் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு சீக்கிரம் வேகாது. அரிசி நறுக்கென்று இருந்தால் சமைத்தவரைத் திட்டாதீர்கள். பருப்பு, சோறு, உருளைக்கிழங்கு, முட்டை இரவில் கிடைக்கும். குருதோங்மார் நாளில் காலை நாலு மணிக்கு வயிறு எதையும் ஏற்காது. லேக் மார்க்கெட்டில் நல்லெண்ணெய் வாங்கும்போதே நாலு நாள் தாங்கும் புளிக்காய்ச்சல் செய்து எடுத்துக்கொள்வது என் வழக்கம். இறங்கிவரும்போது தாங்குவில் அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்ட ருசி வேறு எங்கும் வந்ததில்லை. ஏறும்போது மாரி பிஸ்கட்டும் இனிப்புத் தேநீரும் போதும்.

குருதோங்மார் காலை

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். காரணம் காற்று. பகல் ஏறஏற அந்தச் சமவெளியில் சூறைக்காற்று கிளம்பும், நண்பகலுக்கு முன் எல்லா வண்டியும் இறங்கியாக வேண்டும். ஏறத்தாழ 65 கிலோமீட்டர். தாங்கு தாண்டியதும் மரங்கள் முடிந்துவிடும். கியாகாங் சாவடியில் சீட்டைப் பார்ப்பார்கள். சிறு குழந்தைகளையும் முதியவர்களையும் திருப்பி அனுப்புவதும் உண்டு. வாதாடாதீர்கள். அதற்கப்பால் ராணுவப் பகுதி. முகாம்களைப் படமெடுக்கக் கூடாது, டிரோன் பறக்கவிட எண்ணவே கூடாது. சாலை ஒரு இடத்தில் காணாமல் போய்விடும். மண்வெளியில் ஆளாளுக்கு ஒரு தடம் பிடித்து ஓட்டுவார்கள்.

மூன்றாவது முறை, லாச்சனில் இரண்டு இரவு, தனி வண்டி, மாத்திரை, தாளில் எழுதிய மதிப்பெண்: இவருக்கு ஒன்று, எனக்கு பூஜ்யம். எட்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டியின் கதவைத் திறந்ததும் சத்தமே இல்லை. பிரார்த்தனைக் கொடிகள் மட்டும் படபடத்தன. மண் முழுக்கப் பழுப்பு, மலை முழுக்க வெள்ளை, நடுவே ஒரு நீலம். குரு பத்மசம்பவர் தொட்டதால் ஏரியின் ஒரு பகுதி மட்டும் கடுங்குளிரிலும் உறைவதில்லை என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. சீக்கியர்கள் குரு நானக்கோடு சேர்த்துச் சொல்வார்கள். தீஸ்தாவுக்கு நீர் கொடுக்கும் ஊற்றுகளில் இதுவும் ஒன்று. நியூ ஜல்பாய்குரி தாண்டி அசாம் போகும் ரயில்கள் கடக்கும் அந்த அகன்ற மணல் ஆற்றின் ஒரு தொடக்கம் இங்கே, கால் நனைக்கக் கூடாத இந்தத் தண்ணீர்.

கால் நனைக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிட்டேன். காசு எறியவும் கூடாது. ஏரிக்கு இறங்கப் படிகள் உண்டு. இறங்கும்போது தெரியாது, ஏறும்போது தெரியும். பத்துப் படிக்கு ஒரு முறை நில்லுங்கள். நாங்கள் இறங்கவில்லை. மேலே சுவரோரம் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்து இருபத்தைந்து நிமிஷம் பார்த்தோம். ஓடாதீர்கள், குதித்துப் படமெடுக்காதீர்கள், சத்தமாகப் பேசக்கூட வேண்டாம். அரை மணிக்கு மேல் நிற்க வேண்டாம். நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டியது இருவரில் நன்றாக இருப்பவர். ஆனால் அன்று இவர்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்து ‘போலாமா?’ என்றார். இன்னும் ஐந்து நிமிஷம் என்று நான் கெஞ்சியது உண்மை. அவர் அன்று தலைவர், எழுந்துவிட்டார்.

பாதை அடைத்திருந்தால் கவலைப்படாமல் லாச்சுங் பக்கம் திரும்பி யும்தாங்கைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். அல்லது சோங்மோவை மட்டும் வேறு வேறு வெளிச்சத்தில் இரண்டு முறை பாருங்கள். உயரமே வேண்டாத பெரியவர்கள் கூட வந்தால் வங்காளத்துக்குள்ளேயே மிரிக்கின் சுமேந்து ஏரி இருக்கிறது. 1,500 மீட்டருக்குக் கொஞ்சம் கீழே, நடுவே ஒரு நடைபாலம், சுற்றிலும் தேயிலை. சிலிகுரியிலிருந்து ஒரே பகலில் போய்வரலாம்.

கடைசியாகத் திரும்பும் கணக்கு. லாச்சனிலிருந்தோ லாச்சுங்கிலிருந்தோ இறங்கி அதே நாள் இரவு ரயிலைப் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். ஒரு சின்ன மண்சரிவு போதும், டிக்கெட்டும் போய் மறுநாள் ஆபீஸும் போகும். காங்டாக்கில் ஒரு இரவு, மறுநாள் காலை பத்து மணிக்குள் கிளம்பினால் மாலை தார்ஜிலிங் மெயிலுக்குச் சாவகாசமாகப் போய்ச் சேரலாம். நாங்கள் சியால்தாவில் இறங்கியபோது மணி ஆறு, வெக்கை அப்போதே தொடங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து துணிமூட்டையைப் பிரித்தால் இவருடைய கோட்டுப் பையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. ‘அந்தப் பாரக்பூர் தாத்தா முதல் தடவை கொடுத்தது, ஒரு தைரியத்துக்கு வைத்திருந்தேன்’ என்றார். அன்று வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வந்து அதைச் சாமிக்கு ஏற்றினேன்.